நேம்சர்வரை மாற்றியதும் மெயில் நின்றுவிட்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதுதான் நல்லதா?

சுவடிப்பெட்டி | சனி, காலை 8.52

வணக்கம். சிறிய பதிப்பகம் ஒன்றில் கணினி வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும் என்பதால் என் தலையில் விழுந்த வேலை, அவ்வளவுதான்.

டொமைன், அதாவது எங்கள் தளத்தின் பெயர், அதைப் பதிவுசெய்து தந்த ஒரு பதிவாளர் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு எந்த சர்வர் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸும் அந்தப் பதிவாளரின் அமைப்புப் பக்கத்தில், அதாவது பேனலில்தான் இருந்தது. எட்டுப் பேருடைய மெயில் தனியாக ஒரு மெயில் சேவையில். தளம் மட்டும் ஒரு பழைய ஹோஸ்டிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப மெதுவாகிவிட்டதால் புது ஹோஸ்டிங் வாங்கினேன். அவர்கள் அனுப்பிய வரவேற்பு மெயிலில் இரண்டு நேம்சர்வர் பெயர்கள் (டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்வர்கள்) இருந்தன, டொமைனில் இவற்றைப் போடுங்கள் என்று. நேற்று மாலை போட்டேன். ஒரு மணி நேரத்தில் புதுத் தளம் வந்துவிட்டது. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் நேற்று இரவு முதல் யாருக்கும் சரியாக மெயில் வரவில்லை. ஒரேயடியாக நின்றிருந்தாலாவது புரியும். ஒன்றிரண்டு வருகிறது, மற்றவை வரவில்லை. என் சொந்த முகவரியிலிருந்து அனுப்பிப் பார்த்தேன். போய்ச் சேரவும் இல்லை, திரும்பியும் வரவில்லை.

பழைய நேம்சர்வரையே திருப்பிப் போட்டுவிடவா? இன்னொன்றும் கேட்க வேண்டும். நான்கு வேலைக்கு மூன்று இடம் என்று வைத்திருப்பதால்தானே இந்தக் குழப்பம்? எல்லாவற்றையும் புது ஹோஸ்டிங்கிலேயே சேர்த்துவிட்டால் என்ன?

தந்திக்கம்பம் | சனி, காலை 9.10

திருப்பிப் போடாதீர்கள். கையை எடுத்துவிட்டு இதைப் படியுங்கள்.

உங்கள் மெயில்பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய மெயில்கள் எல்லாம் மெயில் சேவையில் அப்படியே இருக்கும். மாறியது வழி மட்டும்தான். நேம்சர்வரை மாற்றும்போது தளத்தை மட்டும் நகர்த்தவில்லை. உங்கள் டொமைனைப் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லும் ஆளையே மாற்றிவிட்டீர்கள். புது ஆளிடம் தளத்தின் முகவரி இருக்கிறது. மெயில் எங்கே போக வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அதனால் அவராகவே "என்னிடமே கொடு" என்கிறார். புது ஹோஸ்டிங்குகள் பெரும்பாலும் தங்களையே காட்டும் ஒரு எம்எக்ஸ் ரெக்கார்டை, அதாவது மெயில் போக வேண்டிய சர்வரைச் சொல்லும் டிஎன்எஸ் வரியை, தாமாகப் போட்டு வைத்திருக்கும்.

திருப்பிப் போட்டால் ஏன் சரியாகாது என்றால், .காம் பதிவேட்டில் நேம்சர்வர் விவரத்துக்கு டிடிஎல், அதாவது பதிலை நினைவில் வைக்கலாம் என்ற நேரம், 1,72,800 வினாடி. அதாவது 2 நாள். நேற்று மாலைக்குப் பிறகு புது நேம்சர்வரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டவர்கள் இன்னும் 2 நாளைக்குப் புதியதையே கேட்கலாம். மாற்றத்துக்கு முன் கேட்டவர்கள் பழையதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு ஒன்றிரண்டு மெயில் மட்டும் வருவது அதனால்தான். இப்போது திருப்பினால் இந்த இரண்டுங்கெட்டான் நிலை இன்னும் 2 நாள் நீளும்.

எனவே இரண்டு பக்கமும் ஒரே பதிலைச் சொல்லும்படி செய்யுங்கள். பதிவாளரின் பேனலில் பழைய ஸோன், அதாவது டொமைனின் டிஎன்எஸ் வரிகள் மொத்தமும், இன்னும் இருக்கிறதா பாருங்கள். பல இடங்களில் உடனே அழிப்பதில்லை. இருந்தால் அதிலுள்ள எம்எக்ஸை அப்படியே புது ஹோஸ்டிங்கின் ஸோனில் போடுங்கள். அங்கே தானாக வந்த எம்எக்ஸை நீக்குங்கள். பழைய ஸோனில் தளத்தின் ஏ ரெக்கார்டை (சர்வரின் எண் முகவரியான ஐபியைச் சொல்லும் வரி) புது ஐபிக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் யார் யாரைக் கேட்டாலும் கவலையில்லை.

கடைசிபெஞ்சு | சனி, காலை 9.14

வெள்ளிக்கிழமை மாலை நேம்சர்வரை மாற்றிவிட்டுத் தூங்கப் போன அந்தத் தைரியத்துக்கு ஒரு வணக்கம்.

சுவடிப்பெட்டி | சனி, காலை 9.48

பழைய ஸோன் இருக்கிறது! எம்எக்ஸைப் போட்டுவிட்டேன். நன்றி அண்ணா. ஆனால் அந்தப் பக்கத்தில் இன்னும் 17 வரிகள் இருக்கின்றன. டிஎக்ஸ்டி என்று நீளநீளமாகப் புரியாத எழுத்துகள். அடிக்கோடில் தொடங்கும் பெயர்கள். சில சிநேம்கள், அவை என்ன என்று எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. எவற்றை எடுத்துப் போட வேண்டும்?

தந்திக்கம்பம் | சனி, காலை 10.05

எல்லாவற்றையும். டிஎக்ஸ்டி என்பது வெறும் எழுத்தைச் சேமிக்கும் வரி, சிநேம் ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டுவது. தெரியாததை முதலில் எடுங்கள், ஏனென்றால் தெரிந்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எழுதிவிடலாம்.

நீங்கள் மாற்ற வேண்டியவை பழைய ஹோஸ்டிங்கின் ஐபியைக் காட்டும் வரிகள் மட்டும். எதையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். ஏற்றுமதி வசதி இருந்தால் ஸோன் கோப்பாகவே இறக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொன்றாக நகலெடுத்து ஒட்டுங்கள். முதலில் அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு படம் எடுத்து வையுங்கள். பதிவாளர் நாளைக்கே அந்த ஸோனை அழித்துவிட்டால் வெளியிலிருந்து அதை மீட்க முடியாது. டிஎன்எஸ்ஸிடம் "இந்தப் பெயருக்கு என்ன பதில்" என்று கேட்கலாமே தவிர, "உன்னிடம் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன" என்று கேட்டால் ஒழுங்காக அமைத்த சர்வர் எதுவும் வெளியாளுக்குச் சொல்லாது. ஸோனைத் தானாகத் தேடிக் கொண்டுவருகிறோம் என்று சொல்லும் சேவைகளும் வழக்கமான பெயர்களை ஊகித்துப் பார்க்கின்றன, அவ்வளவுதான். டிகிம் செலக்டர் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்தின் சாவி இருக்கும் பெயர்) மாதிரியான விநோதப் பெயர்கள் அவற்றின் கண்ணில் படாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. காணாமல் போன மெயில்கள் புது ஹோஸ்டிங்கிலேயே விழுந்து கிடக்கலாம். அங்கே மெயில் பகுதியில் இயல்பு மெயில்பெட்டி என்று ஒன்று இருக்கும், கணக்கின் பெயரிலேயே. திறந்து பாருங்கள். சர்வர் கிடைக்கவில்லை என்றால் அனுப்பும் சர்வர் சில நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். ஆனால் தவறான சர்வர் "சரி, வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அனுப்பியவருக்கு எதுவும் திரும்பி வராததன் காரணம் இதுவாக இருக்கும்.

சுவடிப்பெட்டி | சனி, காலை 10.31

31 மெயில்! அத்தனையும் அங்கேதான் இருந்தன. அச்சகத்திலிருந்து வந்த ஒன்றைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் உரியவர்களுக்கு அனுப்பிவிட்டேன். மாலைக்குள் மற்ற ரெக்கார்டுகளையும் போட்டுவிடுகிறேன்.

ஒற்றைச்சாவி | சனி, பிற்பகல் 1.20

அவசரம் தீர்ந்துவிட்டதால் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே பெரும்பாலோர் பிரித்து வை, பிரித்து வை என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பதினைந்து தளங்களைக் கவனிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் டொமைன், டிஎன்எஸ், தளம், மெயில் எல்லாம் ஒரே நிறுவனத்தில். ஒரே கடவுச்சொல், ஒரே புதுப்பிப்புத் தேதி, ஒரே உதவி எண். பிரித்து வைத்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்றால், ஏதாவது நின்றுவிட்டால் தளக்காரர் டிஎன்எஸ்காரரைக் கைகாட்டுவார், டிஎன்எஸ்காரர் மெயில்காரரைக் கைகாட்டுவார், நடுவில் நாம் பந்தாக உருள வேண்டும். எட்டுப் பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு இந்த விளையாட்டு தேவையா? சுவடிப்பெட்டியின் மெயில் புது ஹோஸ்டிங்கிலேயே இருந்திருந்தால் நேற்று எதுவும் நடந்திருக்காது.

பாதிராத்திரி | சனி, பிற்பகல் 2.45

அடுத்த முறை ஹோஸ்டிங்கை மாற்றும்போது இதைவிட மோசமாக நடந்திருக்கும். தளம், மெயில், டிஎன்எஸ் மூன்றையும் ஒரே இரவில் தூக்க வேண்டியிருக்கும். மெயில்பெட்டிகளை ஐமேப் (மெயில்பெட்டியைப் படிக்கும் வழிமுறை) வழியாக ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் பழைய கணக்கை மூடிவிட்டுப் பத்து வருட மெயிலை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். தளம் மெதுவாக இருந்தது என்பதுதான் அவர் ஹோஸ்டிங்கை மாற்றியதற்கே காரணம்.

என் கதையையும் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில்தான் வைத்திருந்தேன். தளத்தில் பழைய பிளக்இன் என்ற துணை நிரல் ஒன்றின் வழியாக யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். ஹோஸ்டிங் நிறுவனம் கணக்கை முடக்கியது, அது நியாயம்தான். ஆனால் கணக்கோடு சேர்த்து டிஎன்எஸ்ஸும் மெயிலும் முடங்கின. முடக்கத்தை நீக்கச் சரிபார்ப்பு மெயில் அனுப்பினார்கள். எங்கே? முடங்கிப்போன அந்த மெயிலுக்கே! மூன்று நாள் ஆனது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், வேறு எந்த நிறுவனமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருக்கும்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் காணாமல் போனதே, நினைவிருக்கிறதா? பராமரிப்பின்போது நடந்த ஒரு தவறில் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்திலிருந்து மறைந்துவிட்டது. அதைச் சரிசெய்யத் தேவைப்பட்ட உள் கருவிகளில் பலவும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்ததால் வேலை செய்யவில்லை. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி.

ஒற்றைச்சாவி | சனி, பிற்பகல் 3.02

அதே கணக்கில் 2016 அக்டோபர் 21-ஐயும் சொல்லுங்கள். டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மேல் தாக்குதல் நடந்தது. ட்விட்டர், ஸ்பாடிஃபை எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. அவர்களுடைய சர்வர்கள் நன்றாகத்தான் ஓடின. டிஎன்எஸ்ஸை வெளியே கொடுத்து வைத்ததுதான் காலை வாரியது. பிரித்தால் உடையக்கூடிய இடங்கள் கூடுகின்றன.

தந்திக்கம்பம் | சனி, மாலை 5.30

இரண்டு பேர் சொல்வதும் உண்மை, ஆனால் கேள்வி எத்தனை இடம் என்பது இல்லை. எது எதைப் பூட்டுகிறது என்பதுதான்.

டொமைன் பதிவு எல்லாவற்றுக்கும் மேலே. அது கையில் இருந்தால் மீதி மூன்றும் எரிந்து போனாலும் வேறு இடத்தில் கட்டிக்கொள்ளலாம். எனவே அடிக்கடி மாற்றக்கூடிய ஹோஸ்டிங் கணக்குக்குள் டொமைனை வைக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹோஸ்டிங்கோடு இலவச டொமைன் என்று வந்தாலும் வேண்டாம் என்பேன்.

டிஎன்எஸ்ஸும் ஹோஸ்டிங்கில் இருக்க வேண்டாம். பதிவாளரிடமே இருக்கலாம், அல்லது தனி டிஎன்எஸ் சேவையில் இருக்கலாம். தனியாக இருந்தால் இன்னும் வசதி, ஏனென்றால் பதிவாளர்களும் மாறுகிறார்கள். 2023-இல் கூகுள் தன் டொமைன் பதிவுத் தொழிலையே ஸ்கொயர்ஸ்பேஸுக்கு விற்றுவிட்டது. கூகுள்தானே, எங்கே போய்விடப்போகிறது என்று நம்பியிருந்தவர்களில் நானும் ஒருவன். அதே சமயம் ஒற்றைச்சாவி பயப்படுவதும் சரிதான், எட்டுப் பேர் அலுவலகத்துக்கு இன்னொரு கணக்கு இன்னொரு தலைவலி. பதிவாளரின் டிஎன்எஸ் ஒழுங்காக ஓடினால் அங்கேயே விடுங்கள்.

மெயிலும் தளமும் ஒன்றாக இருக்கவே கூடாது. தளம் உடையும், ஹேக் ஆகும், மாறும். மெயில் அப்படி ஆகக் கூடாது. பகிர்வு ஹோஸ்டிங் சர்வரில் பக்கத்துக் கணக்கில் யாராவது ஸ்பேம் அனுப்பி அந்த ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறினால், உங்கள் மெயிலும் அதோடு போகும்.

சுவடிப்பெட்டி, உங்கள் பழைய அமைப்பே சரியாகத்தான் இருந்தது. வரவேற்பு மெயில் என்ன சொன்னாலும், நீங்கள் மாற்றியிருக்க வேண்டியது பதிவாளர் பேனலில் ஏ ரெக்கார்டை மட்டும். ஹோஸ்டிங்காரர்கள் நேம்சர்வரைக் கேட்பது அவர்களுக்கு வசதி என்பதால். நமக்கு அவசியமில்லை. ஐபி என்னவென்று கேட்டால் கொடுப்பார்கள்.

கடைசிபெஞ்சு | சனி, மாலை 6.11

ஒரு சின்னச் சந்தேகம், திட்டாதீர்கள். டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும் என்கிறார்களே, எங்கிருந்து எங்கே பரவுகிறது?

பாதிராத்திரி | சனி, இரவு 11.58

எங்கேயும் பரவவில்லை. நீங்கள் சேமித்த அந்த நொடியே புதுப் பதில் உங்கள் நேம்சர்வரில் இருக்கிறது, சில பேனல்களில் சில நிமிடம் பிடிக்கலாம். உலகம் முழுக்க இருக்கும் ரிசால்வர்கள், அதாவது நமக்காக டிஎன்எஸ்ஸைக் கேட்டுச் சொல்லும் சர்வர்கள், ஏற்கெனவே கேட்டு வைத்த பழைய பதிலை மறக்க வேண்டும். மேலே சொன்ன நேம்சர்வர் விவரத்தைத் தவிர, எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று நாமேதான் டிடிஎல்லில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். 86,400 என்று போட்டுவிட்டு "இன்னும் மாறவில்லையே" என்று ஒரு நாள் புலம்புவது நம் தவறுதான்.

மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே, அதாவது பழைய டிடிஎல் எவ்வளவோ அவ்வளவு நேரத்துக்கு முன்பே, 300 ஆக்கிவிட வேண்டும். மாற்றிய பிறகு குறைத்துப் பயனில்லை, பழைய எண்ணைத்தான் எல்லோரும் ஏற்கெனவே வாங்கிப் போய்விட்டார்களே.

இல்லை என்ற பதிலும் நினைவில் நிற்கும். ரெக்கார்டைப் போடுவதற்கு முன்பே ஆவலில் பத்து தடவை சோதித்துப் பார்க்கிறவர்கள் அந்த "இல்லை"யைத் தங்கள் ரிசால்வரில் தாங்களே விதைத்துக்கொள்கிறார்கள். முதலில் போடுங்கள், அப்புறம் பாருங்கள்.

கடைசிபெஞ்சு | ஞாயிறு, காலை 7.40

இத்தனை வருடமாக உலாவியின் வரலாற்றை அழித்துக்கொண்டிருந்தேன்.

சுவடிப்பெட்டி | திங்கள், காலை 11.15

மெயில் ஒழுங்காக வருகிறது. டிஎன்எஸ்ஸை எங்கே வைப்பது என்று அலுவலகத்தில் பேசினோம். பதிவாளரிடமே திரும்பப் போவதாக முடிவு. இரண்டு பக்கமும் ஒரே பதில் இருப்பதால் அவசரமில்லாமல் மாற்றப் போகிறேன். வெள்ளிக்கிழமை இல்லை!

ஆனால் புதிதாக இரண்டு தொல்லை. நாங்கள் அனுப்பும் மெயில் சிலருக்கு ஸ்பேமில் போய் விழுகிறது. அப்புறம், தளத்திலுள்ள தொடர்புப் படிவத்தில் யாராவது எழுதினால் அது எங்களுக்கு வருவதே இல்லை. படிவமோ "அனுப்பப்பட்டது" என்று பச்சையில் காட்டுகிறது.

மின்மினி | திங்கள், பிற்பகல் 12.05

இரண்டும் வேறு வேறு நோய். படிவத்தில் தொடங்குகிறேன், அது எளிது.

நீங்கள் எம்எக்ஸைத் திருத்தியது வெளியுலகத்துக்கு. ஹோஸ்டிங் சர்வருக்குள்ளேயே ஓடும் மெயில் நிரல் எம்எக்ஸைப் பார்ப்பதே இல்லை. "இந்த டொமைன் நம்ம வீட்டுப் பிள்ளைதானே" என்று உள்ளேயே வைத்துக்கொள்கிறது. சிபேனல் என்றால் ஈமெயில் ரவுட்டிங் என்ற பக்கத்தில் லோக்கல் என்று இருக்கும், அதை ரிமோட் ஆக்குங்கள். வேறு பேனல் என்றால் இந்த டொமைனுக்கு மெயில் சேவை வேண்டாம் என்று அணைக்க ஒரு இடம் இருக்கும். இதுவரை யாராவது படிவத்தில் எழுதியிருந்தால் அதுவும் முன்பு 31 மெயில் கிடைத்த அதே பெட்டியில் கிடக்கும், போய்ப் பாருங்கள்.

அங்கேயே இன்னொன்றையும் கவனியுங்கள். பல படிவங்கள் எழுதியவரின் முகவரியையே அனுப்புநராகப் போடுகின்றன. ஒருவர் தன் யாஹூ முகவரியைக் கொடுத்தால், உங்கள் சர்வர் யாஹூ என்று பொய் சொல்லி மெயில் அனுப்புகிறது. அதைப் பெறும் சர்வர் மறுத்துவிடும், மறுக்கவும் வேண்டும். அனுப்புநர் உங்கள் டொமைன் முகவரியாக இருக்கட்டும், பதில் முகவரியில் மட்டும் எழுதியவரைப் போடுங்கள். முடிந்தால் உங்கள் மெயில் சேவையின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் வழிமுறை) வழியாகவே அனுப்ப வையுங்கள்.

ஸ்பேம் விஷயத்துக்கு, உங்கள் டொமைனின் டிஎக்ஸ்டி வரிகளில் எஸ்பிஎஃப், அதாவது உங்கள் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் வரி, எத்தனை இருக்கிறது?

சுவடிப்பெட்டி | திங்கள், பிற்பகல் 12.20

இரண்டு, அக்கா. ஒன்று பழைய ஸோனிலிருந்து நான் போட்டது. இன்னொன்று புது ஹோஸ்டிங் தானாகப் போட்டிருக்கிறது.

மின்மினி | திங்கள், பிற்பகல் 12.52

நினைத்தேன். எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறும் சர்வர் எது நல்லது என்று தேர்ந்தெடுக்காது. பிழை என்று சொல்லி இரண்டையும் தள்ளிவிடும். ஒரு வரியாகச் சேருங்கள். மெயில் சேவைக்கு ஒரு இன்க்ளூட் (அவர்களுடைய பட்டியலையும் சேர்த்துக்கொள் என்பது), தளத்தின் சர்வர் நேரடியாக அனுப்பினால் அதன் ஐபி, கடைசியில் ஆல் (மற்ற எல்லோரும்). ஒவ்வொரு இன்க்ளூடும் பெறுபவரை இன்னொரு டிஎன்எஸ் தேடலுக்கு அனுப்புகிறது. மொத்தம் 10 தேடலைத் தாண்டக் கூடாது, உள்ளுக்குள் இருக்கும் இன்க்ளூடுகளும் இந்தக் கணக்கில் சேரும். எப்போதோ பயன்படுத்தி விட்டுப்போன சேவைகளை எல்லாம் அந்த வரியில் சுமந்துகொண்டு, பதினொன்றாவது தேடலில் தடுக்கி விழுகிறவர்கள் நிறையப் பேர்.

டிகிம் ரெக்கார்டு முழுதாக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டிஎக்ஸ்டியில் ஒரு துண்டு 255 எழுத்துதான் கொள்ளும். 2048 பிட் சாவி அதைவிட நீளம், துண்டு துண்டாகத்தான் போக வேண்டும். நல்ல பேனல்கள் தாமே வெட்டிக்கொள்ளும். மோசமானவை சத்தமில்லாமல் வாலை அறுத்துவிடும். சேமித்த பிறகு கடைசிச் சில எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

அப்புறம் டிமார்க், இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் வரி. இல்லை என்றால் போடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். குறைவாக அனுப்புகிறவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். நீங்கள் முதலில் "நன்" (none, ஒன்றும் செய்யாதே) என்ற கொள்கையோடு தொடங்குங்கள், அதில் எதுவும் தடுக்கப்படாது. அறிக்கை அனுப்ப ஒரு முகவரி மட்டும் கொடுங்கள். உங்கள் பெயரில் உலகத்தில் யார் யார் மெயில் அனுப்புகிறார்கள் என்று அதில் தெரியும். ஆச்சரியப்படுவீர்கள்.

பாதிராத்திரி | செவ்வாய், அதிகாலை 12.40

நேம்சர்வரைத் திருப்பி மாற்றுவதற்கு முன் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில்களுக்குக் கையெழுத்திடும் முறை) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பதிவாளரிடம் டிஎஸ் ரெக்கார்டு (அந்தக் கையெழுத்துச் சாவியின் அடையாளம்) ஒன்று இருந்து, புது நேம்சர்வர் அந்தச் சாவியால் கையெழுத்திடவில்லை என்றால், சரிபார்க்கும் ரிசால்வர்களுக்கு உங்கள் டொமைனே மறைந்துவிடும். தளம், மெயில் எல்லாமே. சரிபார்க்காத ரிசால்வர் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் "எனக்கு வருகிறதே" என்று சொல்லிக் குழப்புவார். டிஎஸ்ஸை முதலில் எடுத்துவிட்டு, அதன் டிடிஎல் தீரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் மாற்ற வேண்டும்.

கிளவுட்ஃபிளேர் மாதிரி டிஎன்எஸ் சேவைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: ஆரஞ்சு மேகம், அதாவது போக்குவரத்தை அவர்கள் சர்வர் வழியாக விடும் பிராக்ஸி, தளத்துக்கு மட்டும். மெயில் சர்வரின் பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும், அந்தப் பிராக்ஸி வழியாக ஐமேப்பும் எஸ்எம்டிபியும் போகாது.

ஒற்றைச்சாவி | செவ்வாய், காலை 9.05

இதையெல்லாம் படித்த பிறகும் பிரித்து வைப்பதுதான் எளிது என்கிறீர்களா?

தந்திக்கம்பம் | செவ்வாய், காலை 9.30

எளிது என்று யார் சொன்னது? மேலே சொன்ன எஸ்பிஎஃப், டிகிம் எல்லாம் ஒரே இடத்தில் வைத்தாலும் இருக்கிறது. உங்களுக்காக வேறு யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் பதினைந்து தளத்தையும் தினமும் பார்க்கிற ஆள், உங்களுக்கு அது ஒத்துவரும். வருடத்துக்கு ஒரு முறை பேனலைத் திறக்கிறவர்களுக்கு என் பயம் வேறு. சுவடிப்பெட்டி, டொமைன் யார் பெயரில் இருக்கிறது? கணக்கின் மெயில் முகவரி எது?

சுவடிப்பெட்டி | செவ்வாய், பிற்பகல் 4.10

இதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் அண்ணா. பதிவாளர் கணக்கின் கடவுச்சொல் எங்களிடம் இருக்கிறது, அதனால் இதுவரை யாரும் யோசிக்கவில்லை. பதிவுதாரர் என்ற இடத்தில் முதன்முதலில் தளம் செய்து கொடுத்தவரின் பெயர். மெயில் முகவரியும் அவருடையது. அவர் இந்தத் தொழிலை விட்டே போய்விட்டார், ஆனால் தொலைபேசி எண் இருக்கிறது.

தந்திக்கம்பம் | செவ்வாய், மாலை 5.02

இன்றே அழையுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கலாம், இது கூடாது. பணம் கட்டுவது நீங்கள் என்றாலும், தகராறு வந்தால் பதிவாளர் பார்ப்பது பதிவுதாரர் என்ற இடத்தில் இருக்கும் பெயரைத்தான். அவர் நல்லவராக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். மாற்றத்தை உறுதிசெய்யும் மெயில் அவருக்கும் போகும், அவர் அதில் சரி என்று அழுத்த வேண்டும். பெயரை மாற்றிய பிறகு வேறு பதிவாளருக்குப் போக 60 நாள் பூட்டு விழலாம். நீங்கள் இப்போது எங்கும் போகவில்லை என்பதால் பரவாயில்லை.

தொடர்பு மெயிலாக உங்கள் சொந்த டொமைனின் முகவரியைப் போடாதீர்கள். டொமைன் காலாவதியானால் "காலாவதியாகிவிட்டது" என்ற எச்சரிக்கை எங்கே வரும் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே ஒரு முகவரி, இரண்டு பேருக்குத் தெரிந்ததாக. தானாகப் புதுப்பிப்பதை இயக்கி வையுங்கள், அட்டையின் காலாவதித் தேதியையும் எங்காவது எழுதி வையுங்கள். .காம் என்றால் காலாவதிக்குப் பிறகு பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம், அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம். மீட்புக் காலத்தில் வழக்கமான புதுப்பிப்பைவிடப் பல மடங்கு கேட்பார்கள். அதுவும் போனால் 5 நாளில் அழிந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாட்டுக் குறியீட்டு டொமைன்களுக்கு விதி வேறு.

சுவடிப்பெட்டி | செவ்வாய், இரவு 8.25

பேசிவிட்டேன். "இன்னுமா என் பெயரில் இருக்கிறது?" என்று சிரித்தார். பத்து நிமிடத்தில் அழுத்திவிட்டார். பெயர் மாறிவிட்டது.

கடைசிபெஞ்சு | செவ்வாய், இரவு 8.31

நானும் இப்போதுதான் என் டொமைனைப் போய்ப் பார்த்தேன். என் பெயர்தான். ஆனால் மெயில் முகவரி நான் கல்லூரியில் படித்தபோது வைத்திருந்தது. அதன் கடவுச்சொல் எனக்குத் தெரியாது.

சுவடிப்பெட்டி | பதினேழு நாள் கழித்து, வெள்ளி, காலை 10.40

அக்கா, டிமார்க் அறிக்கைகள் வந்துகொண்டிருக்கின்றன. எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்ததும் மூடிவிடத் தோன்றியது, ஆனாலும் படித்தேன். எங்கள் மெயில் சேவை எல்லாவற்றிலும் தேறுகிறது. ஆனால் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஐபியிலிருந்து எங்கள் பெயரில் 400 மெயில் போயிருக்கிறது. எஸ்பிஎஃப், டிகிம் இரண்டிலும் தோல்வி. யாரோ எங்கள் பெயரில் ஸ்பேம் அனுப்புகிறார்களா?

மின்மினி | வெள்ளி, காலை 11.02

இருக்கலாம். ஆனால் 400 என்பது ஸ்பேமுக்கு ரொம்பக் குறைவு. ஒரே நாளிலா? அந்த ஐபியின் தலைகீழ்ப் பெயரைத் தேடிப் பாருங்கள், யாருடைய சர்வர் என்று தெரியும். அலுவலகத்தில் எல்லோரிடமும் கேளுங்கள், செய்திமடல் ஏதாவது அனுப்புகிறீர்களா?

சுவடிப்பெட்டி | வெள்ளி, பிற்பகல் 1.15

அடக் கடவுளே. விற்பனைப் பிரிவில் ஒருவர் மாதம் ஒரு முறை வாசகர்களுக்குப் புதுப் புத்தக மடல் அனுப்புகிறார், வேறொரு செய்திமடல் சேவை வழியாக. எனக்குத் தெரியவே தெரியாது. முதல் நாள் என்ன என்று தெரியவில்லை என்று சொன்னேனே, சில சிநேம்கள், அவை அந்தச் சேவையினுடையவை! ஆனால் நான் அவற்றையும் போட்டேனே, பேனலில் இருக்கின்றனவே?

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். பதிவாளரிடம் திரும்பிப் போன அன்று அவர்களுடைய பழைய ஸோன் அழிந்துவிட்டது, காலியான பக்கம்தான் வந்தது. எல்லா ரெக்கார்டுகளையும் நானே மறுபடி உள்ளிட்டேன், அண்ணா எடுக்கச் சொன்ன படத்தைப் பார்த்து.

தந்திக்கம்பம் | வெள்ளி, பிற்பகல் 1.40

பெயர்ப் பெட்டியில் முழுப் பெயரையும் போட்டீர்களா, டொமைனோடு சேர்த்து?

சுவடிப்பெட்டி | வெள்ளி, பிற்பகல் 1.58

ஆமாம். அந்தச் சிநேம்களுக்குப் படத்தில் அப்படித்தான் இருந்தது, பார்த்து அப்படியே உள்ளிட்டேன்.

தந்திக்கம்பம் | வெள்ளி, பிற்பகல் 2.06

பேனல் தானாகவே பின்னால் டொமைனை ஒட்டும். நீங்களும் ஒட்டினால் இரண்டு முறை வந்துவிடும். பேனலில் பார்த்தால் தெரியாது. வெளியிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பிறகு பெயரின் கடைசியில் டொமைனை இரண்டு முறை போட்டுக் கேளுங்கள்.

சுவடிப்பெட்டி | வெள்ளி, பிற்பகல் 2.31

இரட்டை டொமைனுக்குப் பதில் வருகிறது. ஒற்றைக்கு வரவில்லை. மூன்று சிநேம்களிலும் இதே கதை. திருத்திவிட்டேன், செய்திமடல் சேவையின் பக்கத்தில் மூன்றும் பச்சையாகிவிட்டன. விற்பனைப் பிரிவில் அவர் சொல்கிறார், "போன மாத மடலை யாருமே திறக்கவில்லை, அட்டைப்படம் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன்" என்று.

டிமார்க் கொள்கையை இன்றே குவாரண்டைன் (தேறாததை ஸ்பேமில் போடு) ஆக்கிவிடலாமா அக்கா?

மின்மினி | வெள்ளி, பிற்பகல் 2.44

அடுத்த மடல் போய், அதற்கான அறிக்கை வரட்டும். இன்று வெள்ளிக்கிழமை வேறு.